ஃபைப்ரோமயால்ஜியா வலிக்குக் கெட்டமின் டிரிப்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மயக்க மருந்துப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலையும் நேரத்தில், அவர்களை அழைத்துப்போக வரும் தாய்மார்களும் ஆயாக்களும் (பாட்டிகளும்), கெட்டமின் என்ற மயக்க மருந்தை வலிக்காக டிரிப்பில் ஏற்றுவது பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளே இவை. இங்கே பிறந்த தலைமுறை ஆங்கிலத்தில் தேடிப் படித்துக்கொள்ளும். ஊரிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கும், வலியைத் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த பெரியவர்களுக்கும் அந்த வசதி இல்லை என்பதால் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். கீழே வரும் மருந்து அளவுகள் புரிந்துகொள்வதற்காகத் தரப்பட்டவை, பின்பற்றுவதற்காக அல்ல.

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. பிறகு எப்படி இது நோய் ஆகும்?

உடல் முழுக்கப் பரவி நாள்பட நீடிக்கும் வலி நோயான ஃபைப்ரோமயால்ஜியாவில் மூட்டு தேய்வதில்லை, தசை கிழிவதில்லை. அதனால் படத்தில் எதுவும் தெரியாது. உடலிலிருந்து வரும் செய்திகளைத் தண்டுவடமும் மூளையும் பெரிதாக்கிக் கேட்கின்றன என்பதே இன்றைய மருத்துவத்தின் விளக்கம். தோளில் கை வைத்தாலே நோவதும், எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப்போட்டதுபோல எழுவதும், சொல்ல வந்த சொல் நாக்கில் நின்றுவிடுவதும் அதனால்தான். 1990ஆம் ஆண்டின் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி வரையறைப்படி, உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களில் நொந்தால் இந்நோய் என்றார்கள். 2010க்குப் பிறகு அழுத்திப் பார்ப்பதைக் கட்டாயமாக்காமல், வலி பரவியுள்ள 19 பகுதிகளையும் களைப்பு, தூக்கம், நினைவு ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள்.

வலி என்பது காயத்தின் அளவுக்கேற்ப வருவதன்று என்பது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடி எடுப்பவர், அப்போது வலிக்கவில்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். காயம் இருந்தும் வலி இல்லாமல் போகலாம் என்றால், காயம் இல்லாமலும் வலி இருக்கலாம் என்பதை ஏன் நம்ப மறுக்கிறோம்? "அவளுக்கு ஒன்றும் இல்லை, மனசுதான்" என்று குடும்பத்தார் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் மயக்க மருந்து, வலி நோய்க்கு எப்படி வந்தது?

கெட்டமின் 1962இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, 1964இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டு, 1970இல் அங்கே மயக்க மருந்தாக ஒப்புதல் பெற்றது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பிற மயக்க மருந்துகளைப்போலக் கீழே தள்ளாது என்பதால், வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு இது இன்றும் பெரிய துணை. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் நெடுங்காலமாக உள்ளது.

வலிக்கு இது வேலை செய்யும் விதத்தை இப்படிச் சொல்லலாம். தண்டுவட நரம்பணுக்களில் என்.எம்.டி.ஏ. என்ற பெயரில் சிறு மதகுகள் இருக்கின்றன. அமைதியான நேரத்தில் மக்னீசியம் ஒரு கல்லைப்போல அந்த மதகை அடைத்திருக்கும். வலிச்செய்தி ஓயாமல் வந்து மோதினால் கல் விலகி, கால்சியம் உள்ளே பாய்ந்து, அடுத்து வரும் சிறு செய்தியும் பெருவலியாக மாறுகிறது. கெட்டமின் அந்தத் திறந்த மதகுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே, நரம்பு மண்டலமே வலியைப் பெருக்கும் நோய்களில் இது உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் உடலிலிருந்து பாதியளவு மருந்து நீங்க இரண்டு மூன்று மணி நேரமே ஆகும்; மருந்து வெளியேறிய பின் மதகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

டிரிப் ஏற்றும் நாளில் என்ன நடக்கும்?

முதல் நாளே எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது என்று சொல்வார்கள்; திட உணவுக்குப் பொதுவாக ஆறு மணி நேரம். நீரிழிவு மாத்திரையும் இன்சுலினும் பட்டினி நாளில் எப்படி என்பதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் நம் குடும்பங்களில் அந்த மாத்திரை இல்லாத வீடு குறைவு.

எனக்கு நினைவில் நிற்கும் ஓர் அம்மா அறுபது கிலோ எடை. கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில் அவருக்கு 30 மில்லிகிராம். சலைன் பையில் கலந்து பம்பில் மாட்டி நாற்பது நிமிடம் ஓடும்படி வைத்தோம். அறுவை சிகிச்சைக்குக் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை ஒரே ஊசியாக ஒரு நிமிடத்தில் கொடுப்போம். அதனால்தான் அங்கே நினைவு தப்பும், இங்கே தப்பாது. விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப், மேல்கையில் அவ்வப்போது இறுகித் தளரும் பட்டை, மார்பில் மூன்று ஒட்டுப்பட்டைகள். பத்தாவது நிமிடத்தில் உதடு மரத்துப்போகிறது என்றார். பதினைந்தாவது நிமிடத்தில் கூரை விளக்கைப் பார்த்து, "இது ஏன் தள்ளிப் போகிறது?" என்று கேட்டார். கண்மணிகள் இருபக்கமும் மெல்ல ஆடின. ரத்த அழுத்தம் 130இலிருந்து 152க்கு ஏறியது. அவர் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்நேரத்தில் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம் அதுவே. டிரிப் முடிந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து, ஒரு முறை வாந்தி எடுத்து, தேநீர் கேட்டார்.

அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது, கைக்குழந்தையைத் தனியே பார்த்துக்கொள்ளக் கூடாது. சாலையோரத்தில் நின்று டாக்ஸி பிடித்துத் தனியாக வீடு திரும்பலாம் என்று நினைப்பவர்களை எந்த நல்ல மருத்துவமனையும் அனுப்பாது. துணைக்கு ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

வலி போய்விடுமா? எத்தனை நாளைக்கு?

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், இதற்குத்தான் நேரான பதில் கிடைப்பதில்லை. மருந்து உடலில் உள்ள சில மணி நேரத்துக்கு வலி குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டு. வாரக்கணக்கில் குறைந்திருக்கும் என்பதற்கு, ஃபைப்ரோமயால்ஜியாவைப் பொறுத்தவரை, நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை.

நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 24 பேரில் ஒரு பிரிவினருக்குக் கெட்டமினின் ஒரு வகையையும், மறு பிரிவினருக்கு மிடாசோலம் என்ற தூக்க மருந்தையும் முப்பது நிமிடம் ஏற்றினார்கள். வெறும் உப்புநீரைக் கொடுத்தால் தமக்கு மருந்து கிடைக்கவில்லை என்று நோயாளி உடனே கண்டுகொள்வார். அதனால்தான் கிறக்கம் தரும் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். டிரிப் முடிந்து கால் மணி நேரத்தில், வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் கெட்டமின் பிரிவில் 8 பேர், மறு பிரிவில் 3 பேர். எட்டாவது வாரத்தின் முடிவில் அதே கணக்கு 2க்கு 2. ரத்தத்தில் மருந்து ஏற ஏற வலி இறங்கியது. மருந்து இறங்கியதும் வலி திரும்பியது.

2018இல் அமெரிக்காவின் மூன்று மயக்கவியல், வலி மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான ஆதாரம் வலுவற்றது என்றே மதிப்பிட்டது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2025ஆம் ஆண்டுத் திறனாய்வு, புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிகள் குறித்த 67 சோதனைகளை, 2300க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களுடன் அலசி, கெட்டமினும் அதன் இனத்து மருந்துகளும் பயன் தருகின்றன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது. பயன் இல்லவே இல்லை என்று நிரூபணமானதாக இதற்குப் பொருளன்று. சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. ஆனால் விளம்பரத்தில் காணும் உறுதிக்கு இடமில்லை.

ஆதரிக்கும் மருத்துவர்கள் சொல்லும் மறுமொழியையும் சொல்லிவிட வேண்டும்: முப்பது நிமிடம் போதாது, கூடுதல் அளவில் பல மணி நேரம், பல நாள் ஏற்றினால் பலன் நீடிக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அளவு கூடும்போது பக்கவிளைவும் செலவும் சேர்ந்தே கூடுகின்றன. என் அனுபவத்தில் சிலருக்கு ஒரு வாரம் நிம்மதி கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அது மருந்தாலா, நாற்பது நிமிடம் யாரோ ஒருவர் தம்மைக் கண்ணெடுக்காமல் கவனித்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

என் சித்தப்பாவுக்குக் கை முறிவுக்குப் பின் வந்த எரிவலிக்கு இதே டிரிப் மூன்று மாதம் வேலை செய்ததே?

அவருக்கு இருந்தது சி.ஆர்.பி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேறு நோயாக இருக்கலாம். கை வீங்கி, நிறம் மாறி, காற்றுப் பட்டாலும் எரியும். அந்நோய்க்கு மணிக்கு 22 மில்லிகிராம் வீதம் நான்கு நாள், அல்லது மணிக்குக் கிலோவுக்கு 0.35 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாகப் பத்து நாள் என ஏற்றினால், பன்னிரண்டு வாரம் வரை பலன் இருக்கலாம் என்பதற்கு நடுத்தர அளவில் ஆதாரம் இருப்பதாக அதே 2018 வழிகாட்டி சொல்கிறது. மருந்து ஒன்றுதான் என்றாலும் நோய் வேறு.

இது சுகர்ஸ் மாதிரி போதைப்பொருளா? பிள்ளைக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்தில் வாழ்பவருக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. சுகர்ஸ் எத்தனை வீட்டைக் குலைத்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். சுகர்ஸ் ஹெராயின் கலந்த தூள். கெட்டமின் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. ஆனாலும் இதையும் போதைக்காகப் பயன்படுத்துவோர் உலகெங்கும் உண்டு, அடிமைப்படுத்தும் தன்மையும் இதற்கு உண்டு. மருத்துவமனையில், கண்காணிப்பில், எப்போதாவது ஏற்றும்போது அந்த ஆபத்து குறைவு. குப்பியோ பொட்டலமோ வீட்டுக்கு வரக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நோயாளிக்கே முன்பு போதைப் பழக்கம் இருந்திருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

டிரிப் ஏறும்போது என் ஆயாவுக்குச் சாமி வந்ததுபோல இருந்ததாம். அது என்ன?

உடலை விட்டு விலகி மிதப்பது, சத்தங்கள் தொலைவிலிருந்து கேட்பது, நேரம் நின்றுவிடுவது ஆகியவை இம்மருந்தின் அறியப்பட்ட விளைவுகள். புலன்கள் அனுப்பும் செய்திகளும் "நான்" என்ற உணர்வும் சிறிது நேரம் பிரிந்து நிற்கின்றன. சிலருக்கு அது இனிமை, சிலருக்குச் செத்துக்கொண்டிருக்கிறோம் என்ற திகில். பம்பை நிறுத்தினால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். முன்கூட்டியே விளக்கப்பட்டவர்கள் குறைவாகவே பயப்படுகிறார்கள் என்பதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். விளக்காமல் ஊசி குத்தியவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம். திருவிழாவில் அருள் வருவது மனநோய் வரலாறு ஆகாது, ஆனால் குரல்கள் கேட்பதற்கோ மனச்சிதைவுக்கோ எப்போதாவது மருந்து எடுத்திருந்தால் அதை மறைக்கக் கூடாது.

யார் இதைத் தவிர்க்க வேண்டும்?

கட்டுக்கு வராத ரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனச்சிதைவு நிலையில் இருப்பவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், மூளைக்குள்ளோ கண்ணுக்குள்ளோ அழுத்தம் கூடியிருப்பவர்கள், போதைப் பழக்கத்தில் இருப்பவர்கள். கண் அழுத்தத்தைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இரவில் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அடிக்கடி ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும்?

நாள்தோறும் போதைக்காகப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகி, அடக்க முடியாமல் ரத்தத்துடன் சிறுநீர் போவது 2007 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. மருத்துவ அளவில் அது அரிது என்றாலும், தொடர்ந்து ஏற்றுபவர்கள் சிறுநீர் எரிச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. குறுகிய இடைவெளியில் பல நாள் ஏற்றிய சிலருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்து சிகிச்சையையே நிறுத்த நேர்ந்திருக்கிறது. எனவே மறுசுற்றுக்கு முன் கல்லீரல் பரிசோதனை கேளுங்கள்.

புரட்டாசி விரதத்தில் இந்த மருந்தை ஏற்றிக்கொள்ளலாமா?

கெட்டமின் முழுக்கச் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. அசைவம் எதுவும் அதில் இல்லை. இந்தக் கேள்வியால் வேறொரு உண்மை எனக்குத் தெரிய வந்தது. இந்த வலிக்குத் தரப்படும் ப்ரீகாபலின் என்ற மருந்து பெரும்பாலும் ஜெலட்டின் உறையில் வருகிறது என்று யாரோ சொல்ல, புரட்டாசி பிறந்ததும் அதைச் சட்டென்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். இது கெட்டமினைவிட ஆபத்தான காரியம். திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, பதற்றம், சிலருக்கு வலிப்பும் வரலாம். விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் சொன்னால் படிப்படியாகக் குறைக்கவோ மாற்றவோ வழி உண்டு.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) பணம் தருமா?

எதிர்பார்த்துக் கிளம்பாதீர்கள். மெடிக்கல் எய்ட் பணம் தந்தே ஆக வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் நீரிழிவு, ஆஸ்துமா, முடக்குவாதம் எல்லாம் உண்டு, ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. மேலும் கெட்டமின் மயக்க மருந்தாகப் பதிவு பெற்றது. வலிக்குக் கொடுப்பது மருத்துவர் தம் பொறுப்பில் செய்யும் பதிவு சாராப் பயன்பாடு. மருந்து ஏன் தேவை என்று விளக்கும் மோட்டிவேஷன் கடிதம் ஒன்றை மருத்துவர் எழுதி, நோய்க் குறியீடு எம் 79.7 போட்டு, முன் அனுமதி கேட்கலாம். பதில் எழுத்தில் வரும்வரை நாள் குறிக்காதீர்கள். ஓர் உறவினர் தொலைபேசியில் கிடைத்த "சரி"யை நம்பிப் படுக்கையில் படுத்துவிட்டு, பின்னர் படுக்கைக் கட்டணம், மருத்துவர் கட்டணம், பம்புக் கட்டணம் என மூன்று தனித்தனி பில்களைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டினார். மருந்து மலிவுதான்; செலவெல்லாம் அதை ஏற்றிக் கவனித்துக்கொள்பவர்களுக்கானது.

மருத்துவமனையிடம் என்ன கேட்க வேண்டும்?

மருந்து ஏற்றுபவர் மயக்கவியல் பயிற்சி பெற்றவரா, மருத்துவக் குழுமத்தில் பதிவு உள்ளவரா, டிரிப் ஓடும் நேரம் முழுவதும் யார் அறையில் இருப்பார், ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அதே அறையில் உண்டா, எத்தனை முறை ஏற்றியும் பயனில்லை என்றால் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தராத இடத்திலிருந்து நான் எழுந்து வந்துவிடுவேன். "ஆறு டிரிப் சேர்ந்த பேக்கேஜ்" என்று முன்பணம் கேட்பவர்களிடமும் அப்படியே.

வீட்டிலேயே மாத்திரையாகவோ மூக்கில் அடிக்கும் மருந்தாகவோ எடுக்கலாமா?

வாய்வழி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவில் 2019இல் ஒப்புதல் பெற்ற எஸ்கெட்டமின் மூக்கு மருந்து, பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கானது, வலிக்கானது அன்று. அதையும் மருத்துவக் கண்காணிப்பில்தான் கொடுக்கிறார்கள். நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் வீட்டின் வெந்நீர்த் தொட்டியில் இறந்தபோது, கெட்டமினின் உடனடி விளைவே காரணம் என்று பிரேதப் பரிசோதனை கூறியது. அருகில் யாரும் இல்லாமல் இம்மருந்தை எடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் முதலில் எதைச் செய்வது?

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் வழிகாட்டி, அத்தனை சிகிச்சைகளையும் எடைபோட்டு, உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றை: உடற்பயிற்சி. வலியில் துடிப்பவரிடம் இதைச் சொன்னால் கன்னத்தில் அறைந்ததுபோல இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் தொடங்கச் சொல்கிறேன். கடற்கரை நடைபாதையில் புளூ லகூனிலிருந்து உஷாகா வரை நடக்கும் ஆசையை ஓராண்டுக்குத் தள்ளிவையுங்கள். முதல் வாரம் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு போதும். நன்றாக இருக்கும் நாளில் கூடுதலாக நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

மருந்துகளில், அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கும் அமிட்ரிப்டிலின் இரவில் சிறு அளவில் தூக்கத்துக்கும் வலிக்கும் உதவக்கூடும். டுலாக்செட்டின், ப்ரீகாபலின் ஆகியவை சிலருக்குப் பயன் தருகின்றன. மார்பின் இனத்து மருந்துகள் இந்நோய்க்குப் பெரும்பாலும் ஏற்றவை அல்ல. தைராய்டு, ரத்தசோகை, முடக்குவாதம், நீரிழிவால் வரும் நரம்பு எரிச்சல் ஆகியவை இல்லையென்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இவையெல்லாம் முறையாக முயன்றும் வாழ்க்கை முடங்கியே இருக்கிறது என்றால், கெட்டமினைப் பற்றி வலி மருத்துவரிடம் பேசுவதில் தவறில்லை.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வலியை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

"பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் சிரித்துவிடுவார்கள், அல்லது பத்து என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தமிழில் அவர்கள் சொல்லும் சொற்கள் எந்த எண்ணைவிடவும் துல்லியமானவை. எரிகிறது, சுருக்கென்று குத்துகிறது, ஊசி ஊசியாக இருக்கிறது என்றால் நரம்பு வலியை நினைக்க வேண்டும். கடுக்கிறது, கனக்கிறது, பிழிகிறது என்றால் தசை. எழுந்ததும் விறைத்துப்போய் நெடுநேரம் கழித்தே இளகுகிறது என்றால் மூட்டு. குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, இழுப்பு வேறு. கூட வரும் மகளோ பேரனோ எல்லாவற்றையும் "பெய்ன்" என்ற ஒரே சொல்லாக்கி மருத்துவரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி, அம்மா சொன்ன சொல்லையே எழுதுங்கள்: எந்த இடம், எந்தச் சொல், இரவில் எத்தனை முறை விழித்தார், அன்று எவ்வளவு நடந்தார். டிரிப் ஏற்றுவதாக முடிவு செய்தால், அதற்கு முன் இரண்டு வாரமும் பின் எட்டு வாரமும் இந்த நோட்டு நிற்காமல் ஓட வேண்டும். இரண்டாவது டிரிப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்த நோட்டை மருத்துவரின் மேசையில் விரித்து வைத்து, சொல்லுக்குச் சொல் பொருளை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.